பிளெசான்ஸிலிருந்து ஜியோவுக்கு ஒரு மணி நேரம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைத் தேடினீர்களா? தேடியிருந்தால் நன்றி. நான் ஆகாயத்தில் இருந்தேன்!

புதன்கிழமை காலை பக்கத்து ரெயூனியோன் தீவிலிருந்து தந்தி. என் மனைவி வள்ளியம்மாவின் தங்கை காமாட்சிக்கு வயிற்றில் கட்டி. மறுநாள் ஆபரேஷன். 'அக்கா வரவேண்டும்' என்பது கடைசி வரி.

அக்காவும் தங்கையும் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டார் சொல்லைக் கேட்காமல் அந்தத் தீவுக்காரரைக் கட்டிக்கொண்டு காமாட்சி கப்பலேறியபோது, வள்ளியம்மா துறைமுகத்துக்குக்கூடப் போகவில்லை. பிறகு வந்த கடிதங்களையும் பிரிக்கவில்லை. எனவே தந்தியைப் பயந்துகொண்டேதான் நீட்டினேன்.

படித்தாள்... மடித்தாள்.

"பே, அப்போ ப்ளேன் எத்தனை மணிக்கு?"

முக்காலி மேல் ஏறினாலே தலை சுற்றுகிறது என்பவள் கேட்கிற கேள்வியா இது?

நாலு மணி விமானத்தில் இடம் கிடைத்தது. ஆனால் எங்கள் ஊர் சென்ட்ர் டி ஃப்ளாக்கிலிருந்து பிளெசான்ஸ் விமான நிலையத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டுமே! கரும்பு வெட்டும் காலம். பஸ்ஸுக்கு முன்னால் வரிசையாகக் கரும்பு லாரிகள். நத்தை வேகம். வள்ளியம்மா விடுவிடுவென்று டிரைவரிடம் போனாள்.

"அண்ணே, வித், வித்! சீக்கிரம் போங்க. என் தங்கச்சி ஆஸ்பத்திரியில இருக்கா."

அவ்வளவுதான். அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. வழியில் இறங்க வேண்டியவர்கள்கூட, "நிறுத்தாதே, நேரா போ!" என்று கத்தினார்கள். பஸ் விமான நிலைய வாசலிலேயே போய் நின்றது. அப்படியும் மூன்று மணி நேரப் பயணம்!

உள்ளே எங்களையும் மூட்டையோடு சேர்த்துத் தராசில் நிறுத்தினார்கள். ஓடினோம். ஏறினோம். கதவு மூடியது.

"எவ்வளவு தூரம்?" என்று பக்கத்துச் சீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நூத்தி நாப்பது மைல் இருக்கும். ஒரு மணி நேரம்."

"ஒரு மணி நேரந்தானா?" என்றாள் வள்ளியம்மா. மறுபடியும் கேட்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "போன வருஷம் பழனிக்குப் போகலாம்னு பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னேனே... அது பழனிக்கு இல்லீங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மேகத்துக்கு மேலே ஒரு மலை உச்சி தெரிந்தது. "அதோ! அதோ!" என்று எழுந்தே நின்றுவிட்டாள். தலைசுற்றல் எங்கே போயிற்றோ!

ஜியோ விமான நிலையத்தில், என் பதில் தந்தியைப் பார்த்துவிட்டுச் சகலை காத்திருந்தார். நேராக ஆஸ்பத்திரி. கட்டிலில் காமாட்சி பாதியாக இளைத்துக் கிடந்தாள்.

"அக்கா... காலையிலதானே தந்தி குடுத்தோம். அதுக்குள்ளேயா?"

"பேசாதடி. படு," என்று வள்ளியம்மா அவள் தலையைத் தடவினாள். தடவிய கை வெகுநேரம் நிற்கவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கடலைத் தாண்டுவது சுலபம்தான் சார். புறப்படுவதுதான் கஷ்டம். மைல்கணக்கு பார்த்து நாம் பயப்படுவதெல்லாம் வீண்.

நேற்று ஆஸ்பத்திரியில் ஒரே சத்தம். ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று அக்காவுக்கும் தங்கைக்கும் சண்டை. நர்ஸ் ஓடி வந்து அதட்டினாள்.

வெளியே பெஞ்சில் நானும் சகலையும் காது குளிரக் கேட்டுக்கொண்டிருந்தோம்!