பூஜைக்கு யாருமே புடவை வாங்காத கொல்கத்தா

துர்கா பூஜைக்கு முன்னாடி கொல்கத்தாவில் யாருமே புடவை வாங்கறதில்லையாம். இன்னைக்கு மீட்டிங்ல நான் போட்ட சார்ட் அப்படித்தான் சொல்லிச்சு.

ஆன்லைன்ல புடவை விக்கிற ஆபீஸ் எங்களுது. கோடு பள்ளத்துல இறங்குறதைப் பார்த்து எல்லாரும் தலையாட்டினாங்க. "அப்ப இந்த வருஷம் நெசவாளர்கிட்ட பாதிப் புடவை சொன்னாப் போதும்"னார் ஒருத்தர்.

மேனேஜர் மௌசுமி தீதி மட்டும் மெதுவா, "போன பூஜைக்கு நானே நாலு வாங்கினேனே"ன்னாங்க.

அப்பதான் எனக்கு உறைச்சது. ஒவ்வொரு புடவைக்கும் ஆர்டர் வந்த தேதி ஒண்ணு, டெலிவரின்னு நாங்க பதியிற தேதி ஒண்ணு. பூஜை நெருக்கத்துல பதிய ஏது நேரம்? அதுக்குப் பின்னாடி வர்ற லக்ஷ்மி பூஜை லீவும் முடிஞ்சு வந்துதான் மொத்தமா பதிவோம். நான் அந்தத் தேதியை வச்சு கோடு இழுத்திருக்கேன்.

தேதியை மாத்தினேன். பள்ளம் இருந்த இடத்துல ஒரு மலை எழும்பிச்சு. நெசவாளர் ஆர்டர் தப்பிச்சது.

சாயங்காலம் பஸ் கரியாஹாட் கடைத்தெருவுல நின்னப்ப, கடை வாசல்ல ஒரு பொண்ணு நீலப் புடவை ஒண்ணைத் தடவிப் பார்த்துட்டு, வாங்காம நடந்து போனா. ஆசைப்பட்ட தேதியை எங்க பதியிறது?

தீதிக்கு மெசேஜ் போட்டுக் கேட்டேன்.

"அந்த நாலுல ஒண்ணை இன்னும் கட்டவே இல்லை. முதல்ல கட்டின தேதிக்கும் சார்ட்ல ஒரு இடம் விடு"ன்னு பதில் வந்துச்சு.

உங்க பீரோல கட்டின தேதி காலியா இருக்கிற புடவை எத்தனை? சொல்லுங்க, சார்ட் போட்டுடலாம். தேதியே இல்லாததால இந்தத் தடவை தப்பு வராது.