நோட்டில் விழுந்த பதினேழு நாள்

சங்கிலிப்பாண்டியும் நானும் ராஜபாளையத்தில் ஒரே பஞ்சாலையில் வேலை பார்த்தவர்கள். அவன் எலக்ட்ரீசியன், நான் நூற்புப் பிரிவு. தொண்ணூற்றிரண்டில் ஆலையை மூடியதும் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டுக்கு எதிரே ஒரு பெட்டிக்கடை வைத்தேன். அவன் கடலைப் பார்க்கப் போனான்.

கேலி இல்லை, உண்மையிலேயே அதுதான் வேலை. தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு மீனவர் ஊரில், கரையில் கோபுரம் நட்டு, கப்பல்களில் சுற்றுமே அந்த மாதிரி ரேடார் ஒன்றை உச்சியில் வைத்திருந்தார்கள். அது கடல் பக்கம் ரேடியோ அலையை வீசும். தண்ணீரின் அலையில் பட்டுத் திரும்பி வருவது திரையில் வரிவரியாகத் தெரியும். கம்ப்யூட்டர் அதைக் கணக்குப் போட்டு, அலை எத்தனை அடி என்று சொல்லும். மூன்று மணிக்கு ஒரு தடவை நோட்டில் எழுத வேண்டும். ஒரு வருட நோட்டை வைத்துத்தான் அந்த ஊர் அலைத்தடுப்புச் சுவரின் உயரத்தை முடிவு செய்வார்களாம்.

"கடல எட்டிப் பாத்தா தெரியாதாலே? அதுக்கொரு மிஷினா?" என்று கேட்டேன்.

"நீ கரையில நின்னு பாப்ப. அது மூணு மைலுக்கு அங்கிட்டு இருக்கதப் பாக்கும். மழையானாலும் பாக்கும்" என்றான். அவனே கண்டுபிடித்த மாதிரி ஒரு பெருமை.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸில் வருவான், திங்கள் விடியுமுன் கிளம்பிவிடுவான். அவன் மனைவி குருவம்மாள் பால்கோவா கடையில் பால் கிண்டும் வேலை பார்த்தாள். தினக்கூலியாக இருந்தவனை நிரந்தரமாக்கச் சொல்லி இன்ஜினீயர் வைகுண்டராஜ் எழுதிப் போட்டிருந்தார். மேலே கையெழுத்து ஆக வேண்டியதுதான் பாக்கி.

தொண்ணூற்று நான்கில் ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஆலைக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. பூஜைக்கு முந்தின நாள், ஆலையில் துருப்பிடிக்கிறது, பிடிக்காதது எல்லாவற்றுக்கும் சில்வர் பெயின்ட் அடித்துவிடுவோம். பாண்டி சும்மா இருப்பானா? மற்றவர்கள் லீவில் போயிருந்தார்கள். ரேடாரை நிறுத்திவிட்டுக் கோபுரத்தில் ஏறினான். உச்சியில் சுற்றும் ரேடாரின் ஃபைபர் உறையில் பறவை எச்சத்தைக் கழுவி, இரண்டு கோட் சில்வர் அடித்தான். சந்தனம், குங்குமம் வைத்து, கீழே பூசணிக்காய் உடைத்தான். திரும்பி வந்தவர்கள் பளபளப்பைப் பார்த்துப் பாராட்டவும் செய்தார்கள்.

முதல் இரண்டு வாரம் கடல் அமைதி என்றே நோட்டில் விழுந்தது. யாரும் சந்தேகப்படவில்லை. பிறகு மழைக்காற்று கிளம்பி வெளியே கடல் இரைந்தபோதும் ரேடார் ஓரடி அலை என்றது. வைகுண்டராஜ் தலையைப் பிய்த்துக்கொண்டு ரேடார் கம்பெனிக்குப் போன் போட்டார். "ரேடாருக்கு முன்னால் உலோகம் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்களாம். இல்லை என்றார்.

பக்கத்தில் நின்ற பாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. சில்வர் பெயின்ட்டில் இருப்பது அலுமினியப் பொடி; உலோகம், ரேடியோ அலையை மறித்துவிடும். ஆலையில் பீங்கான் இன்சுலேட்டர்மீது அது படக்கூடாது என்று எங்களைத் திட்டித் தீர்த்தவனே அவன்தான்.

தீபாவளிக்கு வந்தவன் ஒரு பலகாரத்தையும் தொடவில்லை. வயிறு சரியில்லை என்றான்.

திரும்பிப் போன அன்றைக்கு வைகுண்டராஜ் கீழே கேபிளை மாற்றிக்கொண்டிருந்தார். உப்புக் கழுவப் போவதாகச் சொல்லி இவன் மேலே ஏறி, தின்னர் போட்டுத் துடைத்துச் சுரண்டி எடுத்தான். ரேடாரை ஓடவிட்டதும் திரையில் வரிகள் வந்துவிட்டன. வைகுண்டராஜ் கேபிள்தான் கெட்டிருந்தது என்று குதித்தார். கடல் இரைந்த கடைசி ஆறு நாள் கணக்கை மட்டும் அடித்து, 'கேபிள் பழுது' என்று எழுதினார்.

வேலை பிழைத்தது. நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன்.

அவனோ நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றானாம். ஆறு நாள் போக முந்தின பதினேழு நாள் நல்ல கணக்காகவே அதில் இருந்தது. அதையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் சுவர் தாழ்ந்துபோகும்.

"சார், பெயின்ட் அடிச்சது நான்தான். பூஜையிலருந்தே பொய்க் கணக்கு சார்" என்று சொல்லிவிட்டான்.

வைகுண்டராஜ் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் பதினேழு நாளையும் அடித்தார். காரணத்தை உள்ளபடி மேலிடத்துக்கு எழுதாமல் இருக்க அவருக்கும் வழியில்லை.

அடுத்த சனிக்கிழமை என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பாண்டி இதையெல்லாம் சொன்னான். வேலை முடிந்து வந்த குருவம்மாளும் நின்று கேட்டாள்.

"பெர்மனன்ட் ஆர்டர் இனி வராது. மாசக் கடைசியோட நின்னுக்கிடச் சொல்லிட்டாவ."

அவளுக்கு வந்ததே கோபம். "தெருவே பாக்க பொழப்புக்கு வேட்டு வச்சுட்டு வந்து நிக்கிய! அங்கன யாரு ஒங்களப் பெயின்ட் அடிக்கச் சொன்னா? மில்லுதான் மூடியாச்சுல்ல, அந்தப் புத்திய மூடத் தெரியலயா?" என்று பிடிபிடியென்று பிடித்தாள். அவன் தலை நிமிரவில்லை. எனக்கே பாவமாக இருந்தது.

திட்டி ஓய்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அம்புட்டு நாளையும் அடிச்சாச்சா? ஒண்ணையும் விட்டுறலயே?"

"இல்லட்டி. பக்கத்துல நின்னு நானே எண்ணிப் பாத்தேன்."

"அப்பச் சரி. எந்திரிங்க, சாப்பிடுவோம்" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.