கடைசி ஒன்றே முக்கால் நிமிடம்

கேட்டைத் திறக்காமலே மாதேஸ்வரன் கேட்பார்: "படம் பாத்தாச்சா சாமி?" வெளியே கேமராப் பையுடன் நிற்பவர்கள் பார்த்தாயிற்று என்று தலையாட்டுவார்கள். "அப்படீன்னா கடைசி ஷாட்டுல என்ன இருக்குது, சொல்லு." அங்கேதான் எல்லோருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒருவர் அவசரமாகப் போனைத் துழாவுவார். இன்னொருவர் துணிந்து ஒரு கல்யாணக் காட்சியை அடித்துவிடுவார். தாழ்ப்பாள் நகராது. "போயிட்டு வாங்க சாமி" என்று மரியாதையாக அனுப்பிவிட்டு, கார் தெருமுனையில் திரும்புவதற்குள் மரியாதையில்லாத ஒரு வார்த்தையையும் சொல்லிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

வெண்ணந்தூரில் அவர் வீட்டைக் கேட்டால், "அந்தக் கோவக்கார டைரக்டர் ஊடா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்கிறார்கள். வயது எழுபத்தெட்டு. எடுத்த படங்கள் ஏழு. அதில் ஆறை வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது என்று கையை உதறிவிடுவார். மிச்சமிருப்பது 'அக்கரைச் சீட்டு'. எண்பத்து நான்கில் வந்தது. சென்னையில் தியேட்டர் கிடைக்காமல் இந்தப் பக்கத்து ஊர்களில் மட்டும் ஓடிய படம். சுற்றியது ஒரே ஒரு பிரிண்ட். அது எங்கே போயிற்று என்று தெரியாது. நெகட்டிவ் இருந்த லேப் இடிக்கப்பட்டு அந்த இடத்தில் அடுக்குமாடி வந்துவிட்டது. ஆக, பார்க்கவே முடியாத படத்தைப் பார்த்துவிட்டு வா என்கிறார். இது அநியாயம் என்பது அவருக்கும் தெரியும். அநியாயத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யாரையும் உள்ளே விட வேண்டியதில்லை.

பேட்டி என்ற சொல்லே அவருக்கு ஆகாது. "பேட்டின்னா என்ன? எழவு ஊட்டுக்கு வந்து, எப்படிங்க செத்தாருன்னு கேக்கறது. அதுக்கு எதுக்கு மைக்கு?" என்பார். வருகிறவர்களுக்கு வேண்டியதும் அதுதான். அவர் அறிமுகப்படுத்திய கதாநாயகி பிற்பாடு பெரிய ஆளாகிவிட்டார். அவரைப் படப்பிடிப்பில் அறைந்தது உண்மையா, அவருக்கும் உங்களுக்கும் ஏதாவது இருந்ததா என்பதற்குமேல் யாருக்கும் கேள்வி இல்லை. அறைந்தாரா என்றால், இல்லை. ஆனால் அதை மறுத்துச் சொல்வதற்காகக்கூட அவர் வாயைத் திறந்ததில்லை.

ஒருமுறை, மகன் சிபாரிசு செய்தான் என்று ஒரு கூட்டத்தை உள்ளே விட்டார். அவர்கள் முகத்துக்கு நேரே வட்டமாக ஒரு விளக்கை நிறுத்தியதும் பொறுக்கவில்லை. "மூஞ்சீல மாவு பூசறாப்பல எதுக்குடா இத்தன வெளிச்சம்? இருட்டு எங்க இருக்கோணும்னு மொதல்ல பாரு, வெளிச்சம் தானா வந்து நிக்கும்" என்று எழுந்து, ஜன்னலில் ஒரு கதவைச் சாத்தி, நாற்காலியை இரண்டடி நகர்த்தி, கேமராவைத் தாழ்த்தி, எல்லாவற்றையும் சரி செய்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஃபிரேம் அருமையாக அமைந்ததும் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இனி இதில் உட்கார்ந்து பேச என்ன இருக்கிறது என்று அவர்களை அனுப்பிவிட்டார்.

அந்தக் கடைசி ஷாட்டை அவர் யாருக்கும் சொன்னதில்லை. கதை என்னவோ எளியதுதான். மோகனூரில் பரிசல்காரன் ஒருவன் செத்துப்போகிறான். அவன் மனைவியிடமிருந்து பரிசல் துறையை மைத்துனர்கள் பறித்துக்கொள்கிறார்கள். எல்லாம் போன ஒரு மாலையில் அவள் காவிரியைப் பார்த்து இறங்குகிறாள். அதற்குப் பிறகு வருகிறது அந்த ஷாட். விடியற்காலை. அவள் பரிசலில் உட்கார்ந்திருக்கிறாள், துடுப்பைத் தொடவில்லை. பரிசல் தானாகச் சுற்றுகிறது. முதல் சுற்றில் முகம் வந்து போகிறது. இரண்டாம் சுற்றிலும் அதே முகம். மூன்றாம் சுற்றில் முகம் வரும்போது கையில் துடுப்பு இருக்கிறது. பேச்சில்லை, பாட்டில்லை, ஒன்றே முக்கால் நிமிடம்.

காற்றும் நீரும் வெளிச்சமும் ஒன்றாக அமைய அவர் பதினோரு நாள் காத்திருந்தார். பதினோராம் நாள் இருட்டோடு ஊரிலிருந்து ஆள் வந்து அப்பா இறந்துவிட்டார் என்று சொன்னபோது கிழக்கே வெளுத்துக்கொண்டிருந்தது. எடுத்து முடித்துவிட்டுத்தான் வண்டி ஏறினார். இவர் சுடுகாட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தம்பி கொள்ளி வைத்து முடித்திருந்தான். அந்தத் தம்பி இன்றுவரை இந்த வாசலை மிதிக்கவில்லை.

படம் வெளியானபின் அவர் எந்தத் தியேட்டரிலும் போய் உட்காரவில்லை. சமைத்தவன் பந்தியில் நின்று தின்கிறவன் முகத்தைப் பார்ப்பது பிச்சை கேட்பதற்குச் சமம் என்பது அவர் கொள்கை. அதனால் பார்த்தவர்கள் சொன்னதுதான் காதுக்கு வந்தது. சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் ஒன்றையே கேட்டார்கள். மனைவி மயிலம்மாளும் நாத்தனாரோடு ராசிபுரம் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க, அந்தப் புள்ளையப் போயி எதுக்குங்க சாவடிச்சீங்க?"

மாதேஸ்வரன் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். மூன்று முறை முகத்தைக் காட்டி, கையில் துடுப்பையும் கொடுத்த பிறகு செத்துப்போனாள் என்றால், இந்த ஜனங்களுக்குக் கண் எதற்கு? அன்றோடு மனைவியிடம் சினிமாப் பேச்சை விட்டார். வெள்ளாமை, மாத்திரை, மகனின் போன், இவ்வளவுதான் நாற்பது வருடமாக இருவருக்கும் நடுவில். மற்றவர்களிடம் மட்டும் ஒரே பல்லவி: "பாக்கத் தெரியாத ஜனத்துக்குப் படம் எடுத்தேன் பாரு, என்னையச் சொல்லோணும்."

போன பங்குனியில் நாமக்கல்லிலிருந்து தனப்பிரியா என்ற பெண் வந்தாள். யூடியூப் சேனல்தான். ஆனால் கேட்டருகே நின்று, கேள்விக்குத் திணறாமல் பதில் சொன்னாள். பரிசல்காரன் மனைவி பொழுது சாய ஆற்றில் இறங்குகிறாள், அதோடு படம் முடிகிறது என்றாள். தப்பு என்றார் மாதேஸ்வரன். தப்பாக இருக்காது என்றாள் அவள். அவளுடைய பெரியப்பா ராசப்பன், படம் முதன்முதலாக வெளியான ராசிபுரம் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். முப்பத்தைந்து நாள் அவர் கையால் ஓட்டிய படம். இப்போது காரில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. தன் படத்தை முப்பத்தைந்து நாள் பார்த்த மனிதன். மாதேஸ்வரன் ராசப்பனின் கையைப் பிடித்து அழைத்து வந்து தன்னுடைய நாற்காலியிலேயே உட்காரவைத்தார். மயிலம்மாளைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார். தனப்பிரியா கேமராவை வைத்தபோது அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது, விட்டுவிட்டார். அவ்வளவு சந்தோஷம்.

பரிசல் சுற்றுமே, அது ஞாபகமில்லையா என்று கேட்டார். ராசப்பன் மோரைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டார்.

"அதுங்களா? மொத நாளு மொத ஆட்டத்துல ஓட்டினனுங்க. அந்தப் பொண்ணு தண்ணிக்குள்ள எறங்கினதும் சனமெல்லாம் கண்ணத் தொடச்சிக்கிட்டு எந்திரிச்சிட்டாங்க. அப்பறம் பரிசலு சும்மா சுத்துதுங்க, பேச்சுமில்ல ஒண்ணுமில்ல. சனம் கடைசி பஸ்ஸப் புடிக்கோணுமல்லங்க? அடுத்த ஆட்டத்துல இருந்து, அவ எறங்கினதும் படத்த நிறுத்தி லைட்டப் போட்டுருவனுங்க. அத்தன பேரும் அழுதுக்கிட்டே போவாங்க. நெம்ப நல்ல படமுங்க."

பெருமையாகத்தான் சொன்னார். படத்தைக் காப்பாற்றியவர் போல. மாதேஸ்வரன் சத்தம் போடவில்லை. படப்பெட்டி ராசிபுரத்திலிருந்து எங்கே போனது என்று மட்டும் கேட்டார்.

"ஆத்தூரு, திருச்செங்கோடு, அப்பறம் குமாரபாளையமுங்க. ஏழாவது ரீலுல பிலிம் ஒட்டு வீக்கு, பாத்து ஓட்டு, அப்படீன்னு நாங்க ஒருத்தருக்கொருத்தரு பொட்டிக்குள்ள சீட்டு எழுதிப் போட்டுருவோமுங்க. இதையும் எழுதிப் போட்டனுங்க. கடைசி ரெண்டு நிமிசத்துல ஒண்ணுமில்ல, அவ எறங்கினதும் லைட்டப் போட்டுருன்னு."

தனப்பிரியாவுக்குப் புரிந்துவிட்டது. கேமராவை நிறுத்தட்டுமா என்று கேட்டாள். மாதேஸ்வரனுக்கு ஆத்திரம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அது அவருக்குப் பழக்கமானது. வந்தது வேறு. கண்ணில்லாத ஜனம் என்று நாற்பது வருடம் திட்டினாரே, அந்த ஜனம் காட்டியதை ஒழுங்காகப் பார்த்திருக்கிறது. இறங்கினாள் என்று காட்டினார்கள், செத்தாள் என்று அழுதது. அதில் என்ன பிழை? அப்பாவின் கொள்ளியை விட்டுக்கொடுத்து எடுத்ததை ஒரே ஓர் ஆட்டத்தில், எழுந்து நின்று பஸ்ஸுக்குப் புறப்பட்டவர்களின் முதுகுகள் பார்த்திருக்கின்றன. இனி யாரும் பார்க்கப்போவதும் இல்லை. இதற்குக் கோபித்துக்கொள்ள எதிரில் ஓர் ஆள்கூட இல்லை. இருப்பது மோர் குடித்த ராசப்பன், அவரும் நல்லதைத்தான் நினைத்தார்.

இன்னொரு டம்ளர் மோர் வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டு மாதேஸ்வரன் எழுந்து சமையற்கட்டுக்குப் போனார். அவர் அங்கே காலெடுத்து வைப்பது அபூர்வம். மயிலம்மாள் தரையில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அகலமான குண்டாவில் தண்ணீர் இருந்தது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எதிரில் உட்கார்ந்தார்.

"அந்தப் புள்ள சாகல, மயிலா."

மயிலம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "எந்தப் புள்ளைங்க?"

மாதேஸ்வரன் குண்டாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். சொம்புக்குப் பக்கத்தில் கிடந்த எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார். உரித்த வெங்காயம் ஒன்றை அதன் நடுவில் வைத்தார். கிண்ணத்தின் விளிம்பை ஒரு விரலால் மெல்லத் தள்ளினார். அது ஒரு சுற்று வந்தது. இரண்டாம் சுற்றில் பாதியிலேயே குண்டாவின் ஓரத்தில் முட்டி நின்றது. அவர் அதை நடுவுக்கு இழுத்து, முதலிலிருந்து சுற்றிவிட்டார்.