இரண்டரை மணித்தியாலத்தில் வந்த அக்கா

பேய், ஆவி என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். கனடாவின் ஸ்காபரோவில் விமான ரிக்கற் போடும் கடையில் வேலை, எனக்கு எல்லாமே கணக்குத்தான். லண்டனிலிருந்து ரொறன்ரோவுக்கு ஐயாயிரத்து எழுநூறு கிலோமீற்றர், ஏழே முக்கால் மணித்தியாலம், காற்று எதிர்த்தால் எட்டு. நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்றும் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். ஒன்பது வருடமாக நான் காணாத அக்கா லண்டனிலிருந்து வருகிறாள். ரிக்கற் நான்தான் போட்டேன். இங்கே காலை ஏழு மணி இருக்கும், அத்தான் அங்கிருந்து போன் எடுத்தார்.

"பிளேன் வெளிக்கிட்டிட்டுது. அவ சரியாப் பயந்துகொண்டுதான் போனவ."

இனி எப்படியும் பிற்பகல் மூன்று மணியாகும் என்று நான் வேலைக்குப் போய்விட்டேன்.

ஒன்பதரைக்குக் கடையில் போன் அடித்தது. கூட வேலை செய்த ரஞ்சினிதான் எடுத்தாள். எடுத்தவள் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றாள்.

"அண்ணை, உங்கட அக்காவாம். ஏர்போட்டில நிக்கிறாவாம்."

சிரித்துக்கொண்டுதான் வாங்கினேன். சத்தியமாக அக்காவின் குரல்தான்.

"தம்பி, நான் வந்திட்டன். குளிருது. கெதியா வா."

"எந்த ஏர்போட்டில அக்கா நிக்கிறியள்?"

"ரொறன்ரோவிலதான். வேற எங்க?"

தொடர்பு அறுந்துவிட்டது. கணக்குப் பிழை என்று தெரிந்தும் காரை எடுத்துக்கொண்டு 401 நெடுஞ்சாலையில் பறந்தேன். விமான நிலையம் முழுக்கத் தேடினேன், அக்கா இல்லை. கவுன்ரரில் நின்ற பெண் கணினியைப் பார்த்துவிட்டு, அந்த விமானம் இன்னும் கடலுக்கு மேலேதான் பறக்கிறது என்றாள். வீட்டுக்குத் திரும்ப மனம் வரவில்லை. அங்கேயே நாலு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தேன்.

இரண்டே முக்காலுக்கு விமானம் இறங்கியது. அக்கா முகமெல்லாம் வெளிறி வந்து என் கையைப் பிடித்தவள் விடவேயில்லை. காரில்தான் சொன்னாள்.

"வெளிக்கிட்டு ரெண்டரை மணித்தியாலம் இருக்கும் தம்பி. பிளேன் அப்பிடியே கீழ விழுந்தது. எல்லாரும் குழறினவை. செத்திட்டம் எண்டுதான் நினைச்சன். பிறகு எப்பிடி நிமிர்ந்தது எண்டு தெரியாது."

ஏழும் இரண்டரையும் ஒன்பதரை. அப்போது எனக்குப் போன் எடுத்தாளா என்று கேட்டேன். ஆகாயத்தில் எங்கேயடா போன் என்றாள்.

யாரோ அக்காவின் குரலில் விளையாடியது என்று அதை விட்டிருப்பேன். ஆனால் ஒரு வருடம் கழித்து, ரஞ்சினி வேலையை விட்டு நின்ற நாளில் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அண்ணை, அண்டைக்கு உங்கட அக்கான்ர குரலுக்குப் பின்னால கன சனம் கதைச்சது, உங்களுக்குக் கேட்டதே?"

"இல்லையே. ஒரு சத்தமும் இல்லை."

"எனக்குக் கேட்டது. வெள்ளைக்காரர், சின்னப் பிள்ளையள், எல்லாரும். தாங்களும் வந்திட்டம், வீட்டுக்குச் சொல்லுங்கோ எண்டு."

அன்று ஒன்பதரைக்கு இந்த ஊரில் வேறு எத்தனை வீடுகளில் போன் அடித்ததோ, எனக்குத் தெரியாது.