காந்த அறையிலிருந்து வந்தவள்

கரையான்சாவடி வீட்டில் எந்த அறைக்குள் நுழைந்தாலும் என் கை தானாகக் காதையும் கழுத்தையும் தடவிப் பார்க்கிறது. "இன்னா அண்ணி, எதுனா தொலைச்சிட்டியா?" என்று கேட்டாள் நாத்தனார் செல்வி. பின்லாந்தில் நான் வேலை பார்க்கும் காந்த அறைக்குள் தோடு, கடிகாரம், தாலி எதுவும் போட்டுக்கொண்டு போகக்கூடாது, அந்தப் பழக்கம் என்றேன். தாலியுமா என்பதுபோல் அவள் என் கழுத்தைப் பார்த்தாள்.

அங்கே என் வேலை, தீக்குச்சி அளவு படிகம் ஒன்றைச் சோதிப்பது. நிக்கலும் மாங்கனீசும் காலியமும் கலந்தது. காந்தப்புலம் பட்டால் நீளும். புலத்தை நிறுத்தினாலும் நீண்டபடியே நிற்கும். குறுக்காகத் திருப்பினால்தான் பழைய உருவத்துக்கு வரும். விரிசல் விடும்வரை இப்படியே நீட்டிச் சுருக்க வேண்டும். போன குளிர்காலத்தில், இயந்திரத்தை ஓடவிட்டு வெளியே வந்து வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். செல்வியிடம் வளரும் என் மகள் யாழினி ஓடிவந்து கால் தடுக்கி விழுந்தாள். எழுந்ததும் செல்வியின் தோளில் போய் முகம் புதைத்துக்கொண்டாள். நான் அழுவதைப் பார்த்த சக ஊழியர் பதறி, "உடைந்துவிட்டதா?" என்றார். சும்மா தலையாட்டினேன். "கவலைப்படாதே, இன்னொன்று வளர்த்துக்கொள்ளலாம்" என்றார். அவர் சொன்னது படிகத்தை.

மகளைக் கூட்டிப்போகத்தான் இந்த முறை வந்தேன். விசாவும் வந்துவிட்டது. ஆனால் அவள் என் பக்கமே வரவில்லை. செல்விதான் வழி சொன்னாள். "நான் பாடி பக்கத்துல பிரெண்டு ஊட்டுல ரெண்டு நாளு இருந்துட்டு வரேன். நான் கண்ணுல படலேன்னா உன்னாண்ட ஒட்டிக்கும்." பின்பக்கமாகக் கிளம்பிப் போனாள்.

யாழினி வாசல் கேட் அருகே உட்கார்ந்துவிட்டாள். நான் ஊட்டிய தோசையைத் துப்பினாள். மறுநாள் மதியம் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். நானே செல்விக்குப் போன் செய்தேன். "தோ, கெளம்பிட்டேன் அண்ணி" என்றவளின் குரலும் உடைந்திருந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து வேலை முடிந்து வந்த கணவர் மெதுவாகத்தான் கேட்டார். "அங்க நீ வேலைக்குப் போயிட்டா இது யாராண்ட இருக்கும்? ஒரு வருசம் போவட்டுமே." வேலையை விட்டுவிடு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மகளின் டிக்கெட்டை ரத்து செய்தேன்.

கிளம்பும் காலையில் பெட்டியைக் காரில் ஏற்றிவிட்டு, வாசலில் நின்ற செல்வியின் கையைப் பிடித்து ஏதோ சொல்ல முயன்றேன். அப்போது தூக்கம் கலைந்து உள்ளிருந்து ஓடிவந்த யாழினி, "அம்மா!" என்று கத்தினாள்.

இருவருமே திரும்பினோம்.