ரங்கூன் பெட்டி

பிள்ளைகளே, யுத்தக் காலத்தில் மயிலாப்பூர்க் கால்வாய்க்கரையில் ஒரு லண்டன் கம்பெனியின் கிடங்கில் நான் குமாஸ்தா. எழுத்து வெட்டிய தகட்டைப் பெட்டிகள்மேல் வைத்து, மை தடவி ஊர்ப்பெயர் அடிக்கும் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். விரலெல்லாம் மை, எழுத்து தெரியாது. பர்மாவுக்குக் கப்பலேறும் ரங்கூன் பெட்டியில் மட்டும் ஓரமாகத் தன் கட்டைவிரலைப் பதிப்பார். அங்கே அதே கம்பெனியில் வேலை செய்த மகன் அதைப் பார்த்து, அப்பா நலம் என்று அறிவானாம்.

ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு விழுந்தது. சில மாதம் கழித்து லண்டன் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது.

"ரங்கூன் கிளையை மூடியாச்சு, பெரியவரே" என்றேன்.

"மூடட்டும் நைனா. எம்புள்ள இன்னா ஆனான்னு அதுல போட்டுகீதா?"

மறுபடி படித்தேன். அழிந்துபோன மேசை, நாற்காலி, தராசு எல்லாம் வரிசையாக இருந்தன. ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சுகமா இருக்கானாம்" என்றேன்.

பெரியவர் என்னை இரு கையாலும் கும்பிட்டார். நான் செய்தது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.