குன்னெலின் வசநாவித் தாள்

காய்ந்த செடி ஒட்டிய தாள் கைக்கு வந்தால், முதலில் அதைப் புரட்டிப் பின்பக்கத்தைப் பார்ப்பார் குன்னெல். பிறகு, பறித்த இடமும் வருடமும் எழுதிய சீட்டு. அப்புறம்தான் பூ. "பூ பொய் சொல்லாது. சீட்டு எழுதினவன்தான் சொல்லுவான்." எங்கள் அருங்காட்சியகத்தின் செடிக் கூடத்தில் முப்பது வருடமாகச் சந்தேகப்படுவதே அவருக்கு வேலை. காபி நேரத்தில் ஏலக்காய் ரொட்டியைக்கூடப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். "நான் சுட்டதுங்க" என்றேன் ஒருநாள். "அதான் பாக்குறேன்" என்றார்.

இந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் நூற்றைம்பது செடியாவது பறித்து, அழுத்திக் காயவைத்துக் கொண்டுபோக வேண்டும். குறைந்தால் வேறு ஊர்ப் பிள்ளைகளிடம் தபாலில் வாங்கிக்கொள்வார்கள். சீட்டில் மட்டும் தங்கள் ஊர்க் காட்டின் பெயர் ஏறிவிடும்.

போன மாதம் வந்த தாளில் இருந்தது வசநாவி. வேர் முதல் பூ வரை விஷம். வடக்கு மலைகளில்தான் முளைக்கும். சீட்டோ, தெற்கே எக்ஹுல்ட் பள்ளத்தில் 1938இல் பறித்தது என்றது. அந்தப் பள்ளத்தை ஒட்டித்தான் குன்னெலின் வீடு. அங்கே கல் உடைக்க ஒரு கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறது. வசநாவி அங்கே தானாக வளர்ந்தது என்று உறுதியானால், அரிய செடியின் இடம் என்று பள்ளம் தப்பும். சீட்டில் இருந்த கையெழுத்து, அப்போது பள்ளி மாணவனாக இருந்த அவருடைய அப்பா ஈவருடையது.

மூன்று நாள் குன்னெல் அந்தத் தாளைத் தொடவில்லை. நான்காம் நாள் என் பக்கம் தள்ளினார்.

"இது நெசமா இருக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. அதனால என் கண்ண நம்ப மாட்டேன். நீ பாரு."

பார்த்தேன். அதே வருடம் வடக்கே ஒரு மாணவன் பறித்த வசநாவி எங்கள் அலமாரியிலேயே இருந்தது. இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்தேன். ஒரே இலையைக் கிழித்துப் பங்கு போட்டிருந்தார்கள். பூச்சி அரித்த ஓட்டைகூட இந்தப் பாதியில் தொடங்கி அந்தப் பாதியில் முடிந்தது. வடக்குத் தாளைக் கவிழ்த்து வைத்தேன். மறைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்ணும் தப்பா தெரியலீங்க."

"உன் மூஞ்சி தெரியுதே. இன்னொரு தாளையும் குடு."

ரொம்ப நேரம் பார்த்தார். "எங்கப்பாவுமா" என்றார்.

பழைய சீட்டில் யாரும் கைவைக்கக் கூடாது. திருத்தம் தனிச் சீட்டில்தான். 'இடம் நம்பத்தக்கதல்ல' என்று எழுதித் தன் பெயரும் தேதியும் போட்டார். பசை தடவி, அப்பாவின் கையெழுத்து மறையாதபடி ஒரு விரற்கடை தள்ளி ஒட்டி, அது காயும்வரை கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டிருந்தார்.